காதுக்கு மேல் போகாத கை

'பகதூர்' என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார். 'கூர்க்கா' என்று கூப்பிட்டால் திரும்புவார், சண்டை பிடிப்பதற்காக.

"கூர்க்கான்னா வெள்ளைக்காரன் படையில போய் சண்டை போட்டவங்க மேடம். உங்க படையிலயும் இருக்காங்க. நான் அது இல்ல. நான் எங்க ஊர்ல, எங்க ஆளுங்களோடயே சண்டை போட்டவன்."

ஏதோ பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். சொந்த ஊர்க்காரனைச் சுட்டதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது, கேட்டே விட்டேன். "பெருமைன்னு யார் சொன்னா? நடந்ததைச் சொன்னேன்" என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்து அன்றைக்கு இரண்டாவது நாள்தான் ஆகியிருந்தது.

பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் நான் அட்மின். பெயர்தான் அட்மின். கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும், பாத்ரூமில் தண்ணீர் வராவிட்டாலும், கேட்டில் செக்யூரிட்டி தூங்கினாலும் முதலில் என் பெயரைத்தான் கத்துவார்கள். அவர் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏஜென்சி மூலமாக எங்கள் கேட்டுக்கு வந்தார். நேபாளத்துக்காரர். அங்கே ராஜாவின் படைக்கும் மாவோவாதிகளுக்கும் பத்து வருஷம் சண்டை நடந்ததே, அதில் ராஜா பக்கம் துப்பாக்கி பிடித்தவர். சண்டை முடிந்தது, அப்புறம் ராஜாவே வேண்டாம் என்று அந்த நாடு முடிவு செய்துவிட்டது. இவர் மட்டும் அந்த முடிவுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கூடவே மனைவியும் ஒரு பெண்ணும் வந்தார்கள். மனைவியை நான் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்த்துக்கொண்டேன். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ரூம் கொடுத்தோம். பெண் பக்கத்து சர்க்கார் பள்ளிக்கூடத்தில் கன்னட மீடியத்தில் சேர்ந்தாள். தருமபுரியிலிருந்து வருகிற கேன்டீன் பெண்களோடு பழகி, அந்த அம்மாள் ஒரே வருஷத்தில் என்னைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். அவர் பேச்சு அப்படியில்லை. பாதி இந்தி, கால்வாசி கன்னடம், மிச்சம் மனைவியிடமிருந்து பொறுக்கின தமிழ். எனக்குப் புரிந்த மாதிரி இங்கே எழுதுகிறேன். பெயரை எழுதப்போவதில்லை. மாதாமாதம் டியூட்டி சார்ட்டில் நான் தட்டச்சு செய்த பெயர்தான், இருந்தாலும் அவரைக் கேட்காமல் எழுத எனக்கு மனசில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு விஷயம்தான் இருக்கிறது. அவர் யாருக்கும் சல்யூட் அடிக்க மாட்டார்.

வெளியாட்களுக்கு இது அற்பமாகத் தெரியும். இந்த இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், கேட்டில் விழுகிற சல்யூட்டில்தான் ஒரு முதலாளியின் பொழுதே விடிகிறது. கார் திரும்பும்போதே செக்யூரிட்டி பூட்ஸைத் தரையில் ஓங்கி வைத்து, கையை விசுக்கென்று நெற்றிக்குக் கொண்டுபோக வேண்டும். சத்தம் பக்கத்து கம்பெனிக்குக் கேட்டால் இன்னும் விசேஷம். டியூட்டி ஷீட்டிலேயே எழுதியிருக்கும். வண்டி நம்பர் எழுதணும், டிக்கியைத் திறந்து பார்க்கணும், விசிட்டர் கார்டு கொடுக்கணும் என்று வரிசையாகப் போய், ஏழாவது வரியில், 'நிர்வாகத்தினருக்கும் விருந்தினருக்கும் சல்யூட் அடிக்க வேண்டும்.' மற்ற ஆறையும் அவரைப் போலச் செய்தவர் யாருமில்லை. ஸ்கிராப் லாரி அடியில் படுத்துப் பார்த்து, யாரோ கட்டி வைத்திருந்த செம்புக் கம்பியைக் கண்டுபிடித்தவர். தினமும் சவரம் செய்து, பூட்ஸைத் தேய்த்து, சட்டை மடிப்பு கலையாமல் வருவார். கார் வந்தால் கேட்டைத் திறந்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து, நட்ட கம்பம் மாதிரி நிற்பார். கை மட்டும் தொடையை விட்டு அசையாது.

அவரை வேலைக்கு எடுத்த பெரிய சார் இதைக் கண்டுகொண்டதே இல்லை. ஸ்கூட்டரில் வந்து கம்பெனி கட்டியவர். இவர் விறைப்பாக நிற்பார், அவர் "ஊட்ட ஆயித்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவார். இவர் சாப்பிட்டாச்சு என்று தலையாட்டுவார். அவர்களுக்குள் கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

முதல் ரகளை தொப்பியில் வந்தது. ஏஜென்சிக்காரன் புதிதாகத் தொப்பி கொடுத்திருந்தான். முன்னால் ஒரு பித்தளை பேட்ஜ், இரண்டு கத்தி குறுக்காக, அதற்கு மேலே ஒரு கிரீடம். மொத்தமாக எங்கோ கடையில் அள்ளிக்கொண்டு வந்திருப்பான். மற்றவர்கள் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். இவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் நேராக மெஷின் ஷாப்புக்குப் போய், கிருஷ்ணகிரிக்காரரான எங்கள் ஃபிட்டரிடம் பேட்ஜைக் கழற்றிக் கொடுத்து, கிரீடத்தை மட்டும் ராவித் தரச் சொல்லியிருக்கிறார். ஃபிட்டருக்கு இந்த மாதிரி வேலை என்றால் லட்டு. வைஸில் பிடித்து, அரத்தைப் போட்டு, பத்து நிமிஷத்தில் வழவழ என்று ராவிக் கொடுத்துவிட்டார். கத்தி இரண்டும் மிஞ்சின.

ஏஜென்சி ஆள் வந்து குதித்தான். "மேடம், யூனிஃபார்மை டேமேஜ் பண்ணிட்டான்!"

நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"கிரீடம் ராஜாவோடது. வால்வு கம்பெனி கேட்ல நிக்கிறவனுக்கு எதுக்கு? கத்தியை வேணா வச்சுக்கறேன். கத்தி எனக்குப் பழக்கம்தான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் அப்பா ஒக்கலிபுரத்தில் மில் தொழிலாளி, யூனியன்காரர். ராஜா, மந்திரி, மேனேஜர், பாதிரியார் ஒருத்தருக்கும் வணக்கம் வைக்காத மனிதர். ராஜா என்ற வார்த்தை எங்கள் வீட்டில் சீட்டு ஆடும்போது மட்டும்தான் வரும். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு ராஜாவுக்காக இந்த வீம்பு பிடிக்கிற ஆளைப் பார்த்து எரிச்சல்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பா இருந்திருந்தால் இவரோடு காலையிலிருந்து சண்டை போட்டு, சாயங்காலம் இரண்டு பேருமாக டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

ஒரு மதியம், கேன்டீன் காலியாக இருந்த நேரத்தில், வம்புக்கே இழுத்தேன். "உங்க ராஜாவை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"தூரத்துல இருந்தாவது?"

"போட்டோவுலதான்."

"அட கடவுளே! பார்க்காத ஆளுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

தட்டைத் தள்ளி வைத்தார். மலை மேல் ஒரு காவல் சாவடியில் இருந்தாராம். சுவரில் ராஜா படம் மாட்டியிருக்கும், காலையில் அதன் முன்னால் சல்யூட் அடித்துத்தான் டியூட்டி மாற்றுவார்களாம். ஒரு நாள் ராத்திரி அந்தச் சாவடியை மாவோவாதிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். விடிந்து சண்டை ஓய்ந்தபோது பாதிக்கு மேல் ஆட்கள் இல்லை. கூரை இல்லை. படத்தில் கண்ணாடி இல்லை, ராஜாவின் தோளில் ஒரு ஓட்டை.

"ஆர்டர் குடுக்க ஆபீசர் இல்ல மேடம். அவரும் செத்துட்டார். ஆனா உயிரோட இருந்த எல்லாரும் எழுந்து வந்து நின்னோம். நடக்க முடியாதவனை ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. படத்துக்கு சல்யூட் அடிச்சோம். யாரும் சொல்லல. நாங்களா அடிச்சோம்."

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அங்க செத்தவன் எல்லாம் அந்தப் பேரைச் சொல்லித்தான் செத்தான். சண்டை முடிஞ்சு சுவர்ல இருந்து படத்தை எடுத்தாங்க. வேற ஆளுங்களுக்கு சல்யூட் அடின்னாங்க. நான் அந்தக் கையை வேற ஆளுக்குத் தூக்கினா, அவனுங்க எதுக்குச் செத்தானுங்க? சும்மாவா?"

பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கியாம். அப்படியே விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். இதைச் சொல்லும்போது பின்னாலிருந்து அவர் மனைவி துடைப்பத்தை ஓங்கித் தட்டினாள். "கேட்டீங்களாக்கா? பென்ஷனை விட்டுட்டு வந்த மகாராசன்! இவரைக் கட்டிக்கிட்டு நான் பெங்களூர்ல பாத்ரூம் கழுவறேன்." அவர் திரும்பி, "கழுவினா என்ன, கை இருக்கே" என்றார். அவள் துடைப்பத்தை அவர் பூட்ஸ் மேலேயே போட்டுவிட்டுப் போனாள்.

ராஜா நல்லவரா கெட்டவரா என்று நான் அப்புறம் கேட்டதில்லை. அந்தச் சண்டையில் அவர் பக்கம் நியாயமா என்றும் கேட்டதில்லை. அவர்கள் ஊரில் ராஜாவை வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் வீட்டில் சாவு விழுந்திருக்கும், அவர்களுக்கும் ஒரு சுவர், ஒரு படம் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் கேட்டில் ஒரு கை கீழேயே இருந்தது, அவ்வளவுதான்.

பெரிய சார் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். அவர் மகன், சின்ன சார், வந்தார். வெளிநாட்டில் படித்தவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் நல்ல ஸ்வீட்டாக வாங்கித் தந்தவர். ஆனால் வந்த முதல் வாரமே கார் கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்டார். "மேடம், கேட்ல இருக்கிற ஆளுக்கு என் மேல என்ன கோபம்?"

கோபமெல்லாம் இல்லை சார், அவர் சுபாவம் அப்படி என்று ஆறு மாதம் ஓட்டினேன். கடைசியில் ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். திங்கட்கிழமை வெளிநாட்டுக் கஸ்டமர் டீம் வருகிறது, பெரிய ஆர்டர். கேட்டிலிருந்தே எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும். "சல்யூட் அடிச்சா இருக்கட்டும். இல்லேன்னா திங்கட்கிழமைக்குள்ள ஏஜென்சியில சொல்லி ஆளை மாத்துங்க. ரூமையும் காலி பண்ணச் சொல்லுங்க."

ஜனவரி மாதம். அவர் பெண்ணுக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அந்த நேரத்தில் ரூமைக் காலி செய்தால் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடம் இங்கே, ரூம் எங்கேயோ. விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, அவர் மனைவி மதியமே என் மேஜை முன்னால் வந்து நின்றாள். எப்போதும் வாயாடுகிறவள் அன்றைக்குச் சத்தமே போடவில்லை.

"அக்கா, புள்ளை நல்லாப் படிக்குதுக்கா. கணக்குல நூத்துக்கு நூறு எடுக்குது. அந்த ஆளு கையை வெட்டிப் போட்டாலும் தூக்க மாட்டார். நீங்கதான் ஏதாவது பண்ணணும்."

நான் கேட்டுக்குப் போனேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே ஒரு நாள். திங்கட்கிழமை மட்டும். கையைத் தூக்கி இறக்கிடுங்க. தலை அரிக்குது, சொறியறோம்னு நினைச்சுக்கோங்க."

"சொறியணும்னா சொறியறேன் மேடம். சல்யூட் வேற."

"உங்க பொண்ணு படிப்புய்யா!"

அவர் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல ஆனது. பார்த்தேன். பிறகு லாரி ஒன்று ஹாரன் அடித்தது, நோட்டை எடுத்துக்கொண்டு நம்பர் எழுதப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம்! இப்படியும் ஒரு ஜென்மமா என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் அந்த யோசனை வந்தது. நேராகச் சின்ன சார் கேபினுக்குப் போனேன். "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லல. அவர் சண்டையில இருந்தவர். வலது தோள்ல குண்டு பாஞ்சிருக்கு. கை காதுக்கு மேல போகாது. வெளிய சொல்ல வெக்கப்படறார்."

எவ்வளவு அழகாக வந்தது தெரியுமா? ஒரு தடுமாற்றம் இல்லை. ராஜா படத்தின் தோளில் இருந்த ஓட்டையை எடுத்து இவர் தோளில் வைத்துவிட்டேன். சின்ன சாரின் முகம் அப்படியே மாறிவிட்டது. "அடடா! முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்? நம்ம கேட்ல ஒரு வார் வெட்ரன்!" எழுந்து ஜன்னல் வழியாகக் கேட்டை எட்டிப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டருகே காரை நிறுத்தி, சின்ன சாரே இவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனாராம். "சின்ன சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று இவர் வந்து என்னைக் கேட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு, நீங்க போங்க" என்றேன். அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

திங்கட்கிழமை. ரங்கோலி போட்டு, குத்துவிளக்கு வைத்து, மைசூர் மல்லி மாலையோடு நாங்கள் கேட்டருகே நின்றோம். மூன்று வெள்ளைக்காரர்கள், ஒரு வெள்ளைக்கார அம்மாள் இறங்கினார்கள். மாலை போட்டாயிற்று. அப்படியே உள்ளே போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. சின்ன சாருக்குத் தன் பெருமையைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர்களை நிறுத்தி, இவர் தோளில் மெதுவாகக் கை வைத்து, ஆங்கிலத்தில் சொன்னார். இந்த மனிதர் தன் ராஜாவுக்காகப் போர்க்களத்தில் குண்டு வாங்கியவர், அதனால் இவரால் சல்யூட் அடிக்க முடியாது, ஆனால் எங்களுக்கு இவர்தான் பெருமை. வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த அம்மாள் கண் கலங்கியேவிட்டாள். பிறகு சின்ன சார் இந்தியில் இவரைக் கேட்டார், "தோள் இப்போ வலிக்குதா?"

அவர் தன் தோளில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யார் வேலை என்று புரிந்துகொள்ள ஒரு வினாடிகூட ஆகவில்லை. நான் கண்ணாலேயே கும்பிட்டேன். ஐயா சாமி, சும்மா இருந்துவிடு, மார்ச் வரைக்கும் சும்மா இருந்துவிடு.

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். வலது கையைத் தூக்கினார். காது வரைக்கும் இல்லை. காதை ஒட்டி, தலைக்கு மேலே, நேராக, விரல்கள் வானத்தைப் பார்க்க. தூக்கினதை இறக்கவும் இல்லை.

"கை நல்லா இருக்கு சார். குண்டு எதுவும் படல. சல்யூட் நான்தான் அடிக்கறதில்ல."

இந்தி தெரியாத அந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்தர், இதுவும் வரவேற்பில் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே தானும் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அவரைப் பார்த்து அந்த அம்மாளும் தூக்கினாள். மாலையும் கையுமாக அவர்கள் நிற்க, எங்கள் ஃபிட்டர் தூணுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காலடியில் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

அவர்கள் போனதும் சின்ன சார் என்னைக் கூப்பிட்டார். சத்தம் மெஷின் ஷாப் வரை கேட்டிருக்கும். நான் மறுக்கவில்லை. "பொய் சொன்னது நான் சார், அவர் இல்ல. என்னை என்ன வேணா பண்ணுங்க."

"அந்த ஆள் சனிக்கிழமையோட போகணும். ரூம் காலியாகணும்."

"ஆளை அனுப்பலாம் சார், அது உங்க இஷ்டம். ரூம் அவருக்குக் குடுத்தது இல்ல. ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃபுக்குக் குடுத்தது. அவர் மனைவி பேர்ல லெட்டர் இருக்கு, பெரிய சார் கையெழுத்து இருக்கு. அந்தம்மா வேலையில இருக்கிற வரைக்கும் ரூம் இருக்கும்."

லெட்டரை மேஜையில் வைத்தேன். அவர் படித்தார், திரும்பப் படித்தார், தள்ளிவிட்டார். ரூம் நின்றது.

அந்த வாரம் முழுக்க நான் இவரோடு பேசவில்லை. சனிக்கிழமை மதியம் தொப்பி, விசில், டார்ச், லத்தி எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேஜையில் வரிசையாக வைத்தார். கிரீடம் இல்லாத அந்தத் தொப்பியை நான் ரெஜிஸ்டரில் எழுதினேன். தலையைத் தூக்கவில்லை.

"கோபமா மேடம்?"

"பின்னே? உங்களுக்கு நல்லது பண்ணப் போய் நான் பொய்க்காரி ஆனேன். ஒரு நிமிஷம் பேசாம நின்னிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? யாரும் உங்களை சல்யூட் அடிக்கக்கூடச் சொல்லலையே!"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கை மேல வராத ஒரு ஆளை எனக்குத் தெரியும் மேடம். நீங்க எனக்குக் குடுத்தது அவரோட கை."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குப் புதுசா ஒரு பட்டை குடுத்திருந்தாங்க, சட்டைக் கையில. கிராமத்து வழியில ஒரு செக்போஸ்ட். நாலு பேருக்கு நான் பெரிய ஆள். அந்த வழியா வர்றவங்க எல்லாம் எனக்கு சல்யூட் அடிச்சுட்டுத்தான் போகணும்னு நான் சொன்னேன். மேல இருந்து யாரும் சொல்லல. நானாச் சொன்னேன். பயம் மேடம். பயந்தவனுக்குத்தான் சல்யூட் வேணும். எல்லாரும் அடிச்சாங்க. ஸ்கூல் பசங்க அடிச்சாங்க, ஆடு மேய்க்கிறவங்க அடிச்சாங்க. ஒரு வயசானவர், முதுகுல விறகு, அவர் அடிக்கல. நின்னு என்னையே பார்த்தார். திமிருன்னு நினைச்சேன். கையைத் தூக்குன்னு கத்தினேன். தூக்கல. துப்பாக்கிக் கட்டையால ஒண்ணு விழுந்துச்சு. விறகோட கீழ விழுந்துட்டார். கூட வந்த அவர் பொண்ணு ஓடி வந்து அழுதா. மரத்துல இருந்து விழுந்த நாள்ல இருந்து வலது கை தோளுக்கு மேல வராதாம்."

என் பேனா நின்றுவிட்டது. "அடிச்சது யாரு? உங்க நாலு பேர்ல ஒருத்தனா?"

"நான்தான்."

குரலைத் தாழ்த்தவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'எங்க ஆளுங்களோடயே சண்டை போட்டவன்' என்று சொன்னாரே, அதே குரல். பெருமை என்று அன்றைக்கு நான் நினைத்தது பெருமையே இல்லை என்று இத்தனை வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

"கை வராதுன்னு சொல்லிக்கிட்டு நான் அங்க நின்னா, அவரை இன்னொரு தடவை அடிச்ச மாதிரி. ராஜா என்கிட்ட கேட்டதில்ல மேடம். நானா அடிச்சேன், அது சல்யூட். கேட்டு வாங்கறது சல்யூட் இல்ல. நான் கேட்டு வாங்கியிருக்கேன், எனக்குத் தெரியும்."

ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, குதிகாலைச் சேர்த்து ஒரு முறை விறைப்பாக நின்றார். கை தொடையோடு இருந்தது. பெரிய சாருக்கு நின்ற அதே நிற்பு. திரும்பி நடந்தார். எனக்கு அழுகை வந்தது, ஒளிக்கவில்லை.

பெண் அந்த ரூமிலிருந்தே பரீட்சை எழுதினாள், டிஸ்டிங்ஷனில் பாஸானாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று அம்மாக்காரி ஒரு வாரம் சண்டை போட்டாள். அவரை ஏஜென்சிக்காரன் மல்லேஸ்வரத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு பழைய பங்களாவுக்கு அனுப்பிவிட்டான். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். வருவாரும் இல்லை, போவாரும் இல்லை. "இங்க நல்லா இருக்கு மேடம். யாருமே வர்றதில்ல" என்று போனில் சொன்னார். போன வருஷம் அவர்கள் ஊரில் ராஜா திரும்ப வரவேண்டும் என்று கூட்டம் கூடிக் கோஷம் போடுவதை டிவியில் பார்த்துவிட்டு நான்தான் போன் செய்தேன், வம்புக்குத்தான். "என்ன, உங்க ஆள் வரப்போறாராமே?" "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். நான் அவர் வர்றதுக்கா காத்துக்கிட்டு இருக்கேன்?" என்று வைத்துவிட்டார்.

அவர் போன அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தேன். செக்யூரிட்டி டியூட்டி ஷீட். ஏழாவது வரியை எடுத்தேன். பிரிண்ட் போட்டு, சீல் வைத்து, கேட்டில் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினேன். திங்கட்கிழமை வந்த புது ஆள் படித்துப் பார்த்தான், வண்டி நம்பர் எழுதினான், டிக்கியைத் திறந்து பார்த்தான். கார் வந்தபோது கேட்டைத் திறந்துவிட்டு நேராக நின்றான்.

மறுநாள் காலை மீட்டிங். புரொடக்‌ஷன், குவாலிட்டி, ஸ்டோர்ஸ், எல்லோரும் இருந்தார்கள். சின்ன சார் அந்தத் தாளைக் கேட்டிலிருந்து பிய்த்துக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்.

"புது ஆளைக் கேட்டா ஷீட்ல இல்லங்கறான். இதுல சல்யூட் வரி இருந்துச்சு. யாரு எடுத்தது?"

ஸ்டோர்ஸ்காரர் மேஜையைப் பார்த்தார். எனக்கு இன்னும் பதினோரு வருஷ சர்வீஸ் பாக்கி, வீட்டுக்கு நான் ஒருத்திதான் சம்பாத்தியம், தோளில் குண்டும் இல்லை.

வலது கையைத் தூக்கினேன். காதை ஒட்டி, தலைக்கு மேலே, நேராக.

"நான்தான் சார்."